உள்பக்கத் தாழ்ப்பாள்

பள்ளி திறக்கும் முதல் நாள், வருகைப் பதிவு எடுத்து முடித்ததும், என் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் ஒன்று கேட்பேன். "யாருக்காவது ஏதாவது சந்தேகம் இருக்கா?" வழக்கமாக வருகிற கேள்விகள் எனக்கு மனப்பாடம். பி.டி. பீரியட் என்றைக்கு, ஃபேன் அடியில் யார் உட்காருவது, தண்ணீர் பாட்டிலை எங்கே வைப்பது. அந்த வருடம் நடு பெஞ்சிலிருந்து ஒரு புதுப் பெண் எழுந்து நின்றாள். எண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னிய இரட்டைச் சடை, புது யூனிஃபார்மின் கஞ்சி மடிப்பு இன்னும் கலையவில்லை.

"மிஸ், நாம எங்க ஒளிஞ்சுக்கணும்?"

வகுப்பு முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். "கண்ணாமூச்சி எல்லாம் இன்டர்வெல்ல" என்றேன். அவள் சிரிக்கவில்லை. கதவை ஒருமுறை பார்த்தாள், ஜன்னலைப் பார்த்தாள், உட்கார்ந்துகொண்டாள்.

அவள் அம்மா மயிலாப்பூர்க்காரர். கல்யாணமாகி அமெரிக்கா போய், மகளையும் அங்கேயே பெற்று வளர்த்து, அந்தக் கோடையில்தான் குடும்பத்தோடு திரும்பியிருந்தார். மத்தியானம் சாப்பாட்டு வேளையில் அந்தப் பெண்ணைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, காலையில் என்ன கேட்டாய் என்று விசாரித்தேன். தயிர் சாதத்தைக் கிளறியபடி சொன்னாள்.

"அங்க எங்க ஸ்கூல்ல மிஸ் கதவை லாக் பண்ணுவா. லைட்டை அணைச்சுடுவா. வெளியிலேர்ந்து பார்த்தா தெரியாத மூலையில எல்லாரும் உக்காந்துண்டு பேசாம இருக்கணும். அழவும் கூடாது. யாராவது கன் எடுத்துண்டு வந்தா, இந்த ரூம்ல யாரும் இல்லேன்னு நெனச்சுண்டு போயிடுவான்."

"இது எப்ப கத்துக்கிட்டே?"

"கிண்டர்கார்ட்டன்லேர்ந்தே பண்ணிண்டு இருக்கோமே" என்றாள், இதுகூடத் தெரியாதவளைப் பார்ப்பது போல. பிறகு குரலைத் தாழ்த்தி, "இந்தக் கதவுல உள்பக்கம் லாக்கே இல்லையே மிஸ்?" என்று கேட்டாள்.

அந்த அறையில் நான் பல வருடமாகப் பாடம் நடத்துகிறேன். எந்தப் பெஞ்சு ஆடும், எந்த ஜன்னலில் மழை அடிக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். ஆனால் உள்ளேயிருந்து கதவைத் தாழிட முடியாது என்பது எனக்குத் தோன்றியதே இல்லை. எழுந்து போய்ப் பார்த்தேன். வெளியே கனமான நாதாங்கி. சாயங்காலம் ஆயா இழுத்துப் பூட்டிவிட்டுப் போவதற்கு. உள்ளே ஒரு காலத்தில் தாழ்ப்பாள் இருந்த இடத்தில் ஆணி ஓட்டைகள் மட்டும். ஜன்னல்களில் கம்பி. பாதுகாப்பு என்று நாங்கள் இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தது திருட்டை மனதில் வைத்துதான். உள்ளே இருக்கும் பிள்ளைகளை வைத்து யாரும் யோசிக்கவில்லை.

நான் ஒன்றைப் பார்த்துவிட்டால் அதை அப்படியே விடுகிற ஆள் இல்லை. அன்றைக்கே தலைமையாசிரியையின் அறைக்குப் போனேன். அவர் அந்தத் தெருவிலேயே பிறந்து, அந்தப் பள்ளியிலேயே படித்து, அங்கேயே தலைமையாசிரியை ஆனவர்.

"இது மயிலாப்பூர். துப்பாக்கியைத் தூக்கிண்டு எவன் வரப்போறான்?" என்றார்.

"துப்பாக்கி வேணாம் மேடம். ஒரு வெறிநாய் மாடியேறி வந்தாக்கூட என்னால கதவைச் சாத்திக்க முடியாது. முதுகைக் கொடுத்து நிக்கணும்."

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். போன மழைக்காலத்தில் நிஜமாகவே ஒரு தெருநாய் சத்துணவு வாசனை பிடித்து வராந்தா வரை வந்ததும், ஒன்றாம் வகுப்பு மிஸ் பெஞ்சின்மேல் ஏறி நின்றதும் அவருக்கும் ஞாபகம் வந்திருக்க வேண்டும். "போட்டுடுங்கோ. எல்லாக் கதவுக்கும்" என்றார்.

என் கணவருக்கு ராயப்பேட்டையில் ஒரு சின்ன ஹார்டுவேர் கடை. கீல், பூட்டு, குழாய், பெயிண்ட் எல்லாம் வைத்திருக்கிறார். எங்கள் வீட்டில் பாதி பேச்சு வியாபாரம், பாதி பேச்சு பள்ளிக்கூடம். விஷயத்தைச் சொன்னதும், "இன்னா மிஸ், ஸ்கூலுக்குத் தாப்பாவா? இத்தினி நாள் இல்லாமயா ஓட்டிக்கினு இருந்தீங்க?" என்று கிண்டல் செய்தார். ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கு வந்து ஒவ்வொரு கதவாகத் தட்டிப் பார்த்தவர், கிண்டலை விட்டுவிட்டார். "மரம் நல்லாக் கீது. சும்மா பித்தளைத் தாப்பா போட்டா உதைச்சா பிச்சிக்கும். இரும்புல, நீட்டு ஸ்க்ரூ போட்டுத் தரேன்" என்றார். பெரியவர்கள் கை வைக்கும் உயரத்தில் ஒன்று, பிள்ளைகளுக்கு எட்டும் உயரத்தில் ஒன்று என்று இரண்டு வேண்டும் என்றேன். மிஸ்ஸே மயங்கி விழுந்துவிட்டால் யார் போடுவது? அப்படியே போட்டுக் கொடுத்தார்.

அந்தப் பெண்ணின் அம்மாவிடம் நான் தனியாகப் பேசியது ஒரு சாயங்காலம். மகளை அழைத்துப் போக வந்தவர், கோயில் குளத்துப் பக்கம் பூக்கடை ஓரமாக நின்றுகொண்டிருந்தார். தாழ்ப்பாள் போட்ட விஷயத்தை மகள் வீட்டில் சொல்லியிருந்தாள் போலிருக்கிறது. என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எதுக்கு ஊருக்குத் திரும்பி வந்தேள்னு எல்லாரும் கேக்கறா. நான் யார்கிட்டயும் சொல்லல. உங்ககிட்ட சொல்றேன் மிஸ்" என்று ஆரம்பித்தார். "ஒரு நாள் அவ ஸ்கூல்ல முன்கூட்டியே சொல்லாம டிரில் பண்ணிட்டா. குழந்தைகள் நெஜம்னு நெனச்சுடுத்து. சாயங்காலம் ஆத்துக்கு வந்தப்புறம் குளிப்பாட்டறேன், இவ முழங்கைக்கு உள்பக்கம் ஸ்கெட்ச் பேனால என்னமோ எழுதியிருக்கு. 'ஐ லவ் யூ அம்மா'ன்னு. என்னடி இதுன்னு கேட்டா, 'நான் செத்துப் போயிட்டா நீ பார்ப்பேல்லியா, அதுக்குத்தான்'ங்கறா. சோப்புப் போட்டுத் தேய்ச்சாலும் போகல மிஸ். ரெண்டு நாள் இருந்தது."

பூக்காரம்மா மல்லிகையை அளந்து நறுக்கிக்கொண்டிருந்தார். அந்தப் பெண் தூரத்தில் வகுப்புத் தோழியோடு குளத்துப் படிக்கட்டுக் கம்பி வழியாக மீன்களை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சில வாரங்களில் எங்கள் பள்ளிக்கும் அந்த மின்னஞ்சல் வந்தது. ஊரில் பல பள்ளிகளுக்கு வருகிற அதே மாதிரி மிரட்டல்தான். வெடிகுண்டு வைத்திருக்கிறோம் என்று. போலீஸ் வந்தது, மோப்ப நாய் வந்தது, ஒன்றும் இல்லை என்று சொல்லிப் போனார்கள். ஆனால் அதற்குள் நாங்கள் பட்ட பாடு! அத்தனை பிள்ளைகளும் ஒரே நேரத்தில் ஒரே கேட்டுக்கு ஓடின. வெளியே பெற்றோர்கள் ஆட்டோவும் ஸ்கூட்டருமாகத் தெருவை அடைத்துக்கொண்டு நின்றார்கள். யார் பிள்ளை யாரோடு போனது என்று யாருக்கும் தெரியவில்லை. அன்று ஏதும் நடக்காதது எங்கள் சாமர்த்தியத்தால் இல்லை.

அதன்பிறகு நிர்வாகம் ஒரு பயிற்சியாளரை அழைத்து வந்தது. சீருடைப் பணியில் இருந்து ஓய்வு பெற்றவர், நிமிர்ந்த நடை, அலுவலகங்களுக்கும் பள்ளிகளுக்கும் பாதுகாப்புப் பயிற்சி கொடுக்கிறவர். எங்களை எல்லாம் நூலகத்தில் உட்கார வைத்துத் திரையில் படம் காட்டினார். துப்பாக்கியோடு ஒருவன் உள்ளே வந்தால் முதலில் ஓடு, முடியாவிட்டால் ஒளிந்துகொள், அதுவும் முடியாவிட்டால் கையில் கிடைத்ததை எறிந்து எதிர்த்து நில். படத்தில் இருந்த வராந்தா வழவழவென்று எங்கோ நீண்டு போனது. சுவரோரம் இரும்பு அலமாரிகள், கண்ணாடிக் கதவுகள், கறுப்பு ஜாக்கெட் போட்ட ஒருவன்.

"சார், எங்ககிட்ட எறியறதுக்கு பேப்பர் கட்டுதான் இருக்கு. மாதத் தேர்வு விடைத்தாள். திருத்தாததை எறியலாமா?" என்று தமிழ் ஆசிரியை கேட்க, நூலகமே குலுங்கியது.

பயிற்சியாளரும் சிரித்தார். சிரித்துவிட்டு, "நம்ம ஊர்ல துப்பாக்கி வராதுன்னு நீங்க நினைக்கிறீங்க. சரி, வராதுன்னே வச்சுக்குவோம். ஆளு வரமாட்டானா? ஆயுதம் மாறும், மேடம். செய்யவேண்டியது மாறாது" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காக அவரை எனக்குப் பிடித்துப்போனது. யார் வகுப்பு எந்தப் படிக்கட்டு, கேட்டில் யார் நிற்பது, போலீசுக்கு யார் பேசுவது என்று ஒவ்வொன்றாகப் பிரித்துக் கொடுத்தார். நன்றாகத்தான் கற்றுக்கொடுத்தார்.

கடைசியில் ஒத்திகையைப் பற்றிப் பேச்சு வந்தபோதுதான் முட்டிக்கொண்டது. பிள்ளைகளுக்குச் சொல்லாமல் ஒரு நாள் நடத்த வேண்டும் என்றார். அவருடைய ஆள் ஒருவர் பொம்மைத் துப்பாக்கியோடு வராந்தாவில் ஓடுவார், படிக்கட்டுக்கு அடியில் பட்டாசு வெடிக்கும். அப்போதுதான் நிஜ பயம் வரும், நிஜ பயம் வந்தால்தான் பாடம் மனதில் நிற்கும் என்றார்.

நான் எழுந்து நின்றேன். "என் வகுப்புல அது நடக்காது சார்."

"மேடம், இது ஸ்டாண்டர்டு முறை..."

"பயந்த பிள்ளைக்கு நான் வகுத்தல் கணக்கே சொல்லித்தர முடியாது. உயிரைக் காப்பாத்திக்கறதை எப்படிச் சொல்லித்தர்றது? தீயணைக்கப் பழக்கறதுக்குப் பள்ளிக்கூடத்தைக் கொளுத்தறோமா? இந்த விளையாட்டு விளையாடின ஒரு குழந்தை என் வகுப்புல இருக்கு. அது கையில என்ன எழுதிக்கிச்சுன்னு எனக்குத் தெரியும்."

அதற்குமேல் நான் சொல்லவில்லை. அது அந்த அம்மா என்னிடம் நம்பிச் சொன்னது. ஆனால் என் குரல் இரண்டு மாடிக்குக் கேட்கும் குரல். தலைமையாசிரியை பயிற்சியாளரைப் பார்த்து, "பட்டாசு வேண்டாம் சார். மிஸ் சொல்ற மாதிரியே பண்ணலாம்" என்றார். அவரும் பிடிவாதக்காரர் இல்லை. "அப்ப நீங்களே நடத்துங்க, நான் பின்னால நின்னு பாக்கறேன்" என்றார்.

நடத்தினேன். முதலில் பிள்ளைகளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சில நாள் கீழே நாய் வரலாம், சண்டை வரலாம், கோபமாக ஒருத்தர் வரலாம். அப்போது மைக்கில் "கதவைச் சாத்துங்க" என்று சத்தம் வரும். ஆங்கிலத்தில் ஏதோ சங்கேத வார்த்தை வைக்கலாம் என்றார்கள். நான்தான் வேண்டாம் என்றேன். ஆயாவுக்கும் வாட்ச்மேனுக்கும் யூ.கே.ஜி. பிள்ளைக்கும் ஒரே நொடியில் புரிய வேண்டும். கதவோரம் உட்கார்ந்திருப்பவர் தாழ்ப்பாளைப் போடவேண்டும். மற்றவர்கள் பீரோவுக்கும் சுவருக்கும் இடையில் உள்ள மூலைக்கு நடந்து வரவேண்டும், ஓடக் கூடாது. தலைமையாசிரியை தன் குரலில் "திறக்கலாம்" என்று சொல்லும்வரை யார் கேட்டாலும் திறக்கக் கூடாது. கெட்டவன் என்ற சொல்லை நான் பயன்படுத்தவே இல்லை. அமெரிக்காவிலிருந்து வந்த பெண்தான் மற்ற பிள்ளைகளுக்குக் காலை மடக்கி நெருக்கி உட்காருவது எப்படி என்று காட்டினாள். ஒத்திகை முடிந்ததும் மூலையிலேயே உட்கார்ந்து எல்லோருமாகக் கடலை மிட்டாய் சாப்பிட்டோம். மாதம் ஒருமுறை செய்தோம். சீக்கிரமே பிள்ளைகளுக்கு அது அலுத்துப் போனது. அலுத்தது நல்லது என்று பயிற்சியாளரிடம் போனில் சொன்னேன், அவரும் ஒப்புக்கொண்டார்.

தீபாவளி கழிந்து, மழை தூறிக்கொண்டிருந்த ஒரு முற்பகலில் மைக் கரகரத்தது. "எல்லா வகுப்பும் கதவைச் சாத்துங்கோ. இப்பவே சாத்துங்கோ." தலைமையாசிரியையின் குரல் ஒத்திகையில் இப்படி இருக்காது.

கீழே நடந்ததைப் பிறகுதான் தெரிந்துகொண்டேன். என் வகுப்புப் பையன் ஒருவனின் அப்பாவும் அம்மாவும் பிரிந்திருந்தார்கள். கோர்ட்டில் வழக்கு நடந்துகொண்டிருந்தது. அம்மா வராமல் பையனை யாரோடும் அனுப்பக் கூடாது என்று பள்ளிக்கு உத்தரவு. அன்றைக்கு அப்பா மகனைக் கூட்டிப்போக வந்திருக்கிறார். வாட்ச்மேன் மறிக்க, வாய்த்தகராறு முற்றி, கேட்டுக்கு எதிரே இருந்த இளநீர் வண்டியிலிருந்து அரிவாளை எடுத்துக்கொண்டு உள்ளே புகுந்துவிட்டார். வாட்ச்மேன் அவரோடு மல்லுக்கு நிற்காமல் விசிலை ஊதிக்கொண்டே ஆபீஸ் அறைக்கு ஓடியிருக்கிறார். அவருக்குச் சொல்லிக் கொடுத்திருந்ததும் அதைத்தான்.

என் வகுப்பில் தாழ்ப்பாள் விழுந்தது. விளக்கு அணைந்தது. பிள்ளைகள் மூலைக்கு நடந்து வந்தார்கள். எல்லாம் தானாகவே நடந்தது. பிறகு வராந்தாவில் செருப்புச் சத்தம் கேட்டது.

"நைனா! டேய் நைனா! அப்பா வந்துகிறேன்டா! வா, வூட்டுக்குப் போலாம்!"

என் பக்கத்திலிருந்த பையன் சட்டென்று எழுந்தான். அவன் முகத்தில் பயம் இல்லை, சந்தோஷம். "மிஸ், எங்கப்பா" என்றான், மெதுவாக. நான் அவனை இழுத்து மடியில் உட்கார வைத்து இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டேன். அதே நேரத்தில் கதவில் அரிவாள் விழுந்தது. மரம் பிளக்கும் சத்தம் இல்லை, உள்ளே இறங்கி நின்ற சத்தம். என் மடியில் அந்த உடம்பு கட்டையாக இறுகிவிட்டது.

"மிஸ், உள்ள கீறீங்களா? தொறங்க மிஸ். நான் ஒண்ணியும் பண்ண மாட்டேன். புள்ளைய ஒரு தபா பாத்துட்டுப் பூடறேன்."

அந்தக் குரலை எனக்குத் தெரியும். பெற்றோர் கூட்டத்துக்கு வந்து, மகனுக்குக் கணக்கு எப்படிப் போகிறது என்று கைகட்டி நின்று கேட்ட மனிதர். பதில் சொல்லவேண்டும் என்று நாக்கு துடித்தது. பேச்சாலேயே யாரையும் தணித்துவிடலாம் என்று நம்புகிறவள் நான். ஆனால் என் மடியில் அவர் மகன், என்னைச் சுற்றி மற்றவர்களின் பிள்ளைகள். நான் பேசினால் அவர் அங்கேயே நிற்பார். வாயைத் திறக்கவில்லை. அன்றும் சரி, இன்றும் சரி, அது சரியா தப்பா என்று ஒருநாளும் எனக்குச் சந்தேகம் வந்ததில்லை.

அமெரிக்கப் பெண் உட்கார்ந்தபடியே நகர்ந்து வந்து அந்தப் பையனுக்கும் கதவுக்கும் நடுவில், கதவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். அவன் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். யாரும் அவளுக்கு அதைச் சொல்லித் தரவில்லை. ஒரு குழந்தை பாவாடையிலேயே சிறுநீர் கழித்துவிட்டது. பக்கத்துக் குழந்தை நகரவும் இல்லை, சிரிக்கவும் இல்லை.

கதவு இன்னும் ஒருமுறை அதிர்ந்தது. தாழ்ப்பாள் அசையவில்லை. கொஞ்ச நேரத்தில் மொசைக் தரையில் இரும்பு விழும் சத்தம். அதற்குப் பிறகு அழுகை. பெரிய ஆள் அழுகிற அழுகை. பி.டி. மாஸ்டரும் வாட்ச்மேனும் பின்னாலிருந்து வந்து பிடித்தபோது அவர் கதவோரம் தரையில் உட்கார்ந்திருந்தாராம். திமிறவே இல்லையாம். போலீஸ் வந்து அவரை அழைத்துப் போகும்வரை நாங்கள் இருட்டில் அப்படியே இருந்தோம். மைக்கில் "திறக்கலாம்" என்று கேட்டதும்தான் பிள்ளைகள் ஒவ்வொருவராக அழ ஆரம்பித்தார்கள். நான் எல்லோரையும் அழ விட்டேன்.

அந்தப் பையன் அழவில்லை. ஒரு வாரம் கழித்துப் பள்ளிக்கு வந்தவன், மற்றவர்கள் விளையாடப் போனபிறகு என் மேசையருகில் நின்றான்.

"மிஸ், நாம பிராக்டீஸ் பண்ணோமே, அது எங்கப்பாவுக்காகவா?"

அவனை உட்கார வைத்தேன். "இல்லடா. அரிவாளுக்காக. அரிவாள் வெளிய இருக்கணும், நீ உள்ள இருக்கணும். அதுக்குத்தான் கதவு. உங்கப்பா வெறுங்கையோட வந்தா இந்தக் கதவை முதல்ல திறக்கறது நானாத்தான் இருப்பேன்."

"ப்ராமிஸா?"

"ப்ராமிஸ்."

அதைக் காப்பாற்றவும் முடிந்தது. அப்பா ஜாமீனில் வெளியே வந்து, வழக்கு எப்படி எப்படியோ நகர்ந்து, ஆண்டு முடிவில், அம்மாவின் சம்மதத்தோடு அவர் மகனின் ரிப்போர்ட் கார்டு வாங்க வந்தார். வாசலிலேயே நின்றார். பார்வை கதவிலிருந்த வெட்டுக்குப் போயிற்று. பள்ளியில் அதன்மேல் பெயிண்ட் அடித்திருந்தார்கள், ஆனாலும் தெரியும். "உள்ள வாங்க" என்றேன். "இன்னா மூஞ்ச வச்சிக்கினு வர்றது மிஸ்" என்றார். "கணக்குல நல்லா வந்திருக்கான். வந்து பாருங்க" என்றேன். மகன் அவர் விரலைப் பிடித்து உள்ளே இழுத்து வந்தான்.

அமெரிக்கப் பெண் அதற்குள் என் வகுப்பின் பெரிய வாயாடி ஆகிவிட்டிருந்தாள். கரும்பலகையில் லீடர் எழுதும் 'பேசியவர்கள்' பட்டியலில் அவள் பெயர் தினமும் முதலில் இருந்தது. அவள் அம்மாவிடம் புகார் சொன்னேன். அந்த அம்மா சிரித்த சிரிப்பில் நானும் புகாரை மறந்துவிட்டேன்.

இப்போது அந்தப் பயிற்சியாளர் பள்ளிகளுக்குப் போகும்போது என்னையும் கூப்பிடுகிறார். அலுவலகங்களுக்கு அவர் தனியாகப் போவார். பிள்ளைகள் இருக்கும் இடத்துக்கு நான். தி. நகரில் பேசியிருக்கிறேன், பாலவாக்கத்தில் பேசியிருக்கிறேன். போன சனிக்கிழமை அடையாறில் ஒரு பள்ளி. பேசி முடித்ததும் ஓர் இளம் ஆசிரியை கை தூக்கினாள். வேலைக்குச் சேர்ந்து சில மாதம்தான் ஆகியிருக்கும்.

"மேம், என் கிளாஸ்ல ஒரு பையன் வீல்சேர்ல வரான். நீங்க சொல்ற மூலைக்கு சேர் திரும்பாது. அவனை என்ன பண்றது?"

அதை நான் யோசிக்கவே இல்லை என்று ஒப்புக்கொண்டேன். "வாங்க, போய்ப் பாக்கலாம்" என்று அவளைக் கூட்டிக்கொண்டு அந்த வகுப்புக்குப் போனேன். பயிற்சியாளரும் பின்னால் வந்தார். பெஞ்சு இடிக்கிறதா, பீரோ இடிக்கிறதா என்று பார்த்தோம். பீரோதான். அதில் பழைய வரைபடங்களும் உடைந்த குளோபும் அடைந்து கிடந்தன. புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு ஒரு பக்கம் நான் பிடித்தேன், மறுபக்கம் அவளும் பயிற்சியாளரும். "ஒண்ணு, ரெண்டு, தள்ளுங்க" என்றாள் அவள், என்னைவிடச் சத்தமாக. பீரோ கிறீச்சிட்டபடி சுவரோரம் நகர்ந்தது.